அட்மினாக ஓட்டினால் இசட் டிரைவ் மாயம், சாதாரணமாக ஓட்டினால் உரிமை இல்லை: ரோபோகாப்பி சிக்கல்

கணக்கர்_07:

வணக்கம் நண்பர்களே. விண்டோஸ் 11 ப்ரோ, டொமைன் கிடையாது, வெறும் ஒர்க்குரூப். நாஸ் பெட்டியின் (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புக் கருவி) பகிர்வு ஃபோல்டரை இசட் டிரைவாக மேப் செய்து வைத்திருக்கிறேன். அதிலுள்ள "கணக்கு" ஃபோல்டரை தினமும் டி டிரைவுக்குப் பிரதி எடுக்க ஒரு பேட்ச் ஃபைல். அதில் விண்டோஸின் பிரதிக் கட்டளையான ரோபோகாப்பி இருக்கும் முக்கியமான வரி இது (கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்):

ரோபோகாப்பி இசட்:\கணக்கு டி:\காப்பு\கணக்கு /மிர் /காப்பிஆல்

இரண்டு முறை கிளிக் செய்து ஓட்டினால், "மேனேஜ் ஆடிட்டிங்" என்கிற உரிமை உங்களிடம் இல்லை, /காப்பிஆல் போட அது வேண்டும் என்று சொல்லி நின்றுவிடுகிறது. சரி என்று வலது கிளிக் செய்து "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்தால் பிழை 3, இசட்:\கணக்கு என்ற பாதையே இல்லை என்கிறது. அதே நேரத்தில் எக்ஸ்ப்ளோரரில் இசட் டிரைவ் ஜம்மென்று திறக்கிறது.

அட்மின் சாளரத்தில் நெட் யூஸ் தட்டினால் இசட் பட்டியலில் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் "அன்அவைலபிள்". என் கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில்தான் இருக்கிறது. யூஏசி (அட்மின் அனுமதி கேட்கும் பாதுகாப்பு வசதி) நழுவுபட்டையைக் கடைசிவரை கீழே இறக்கியும் பார்த்தேன், மாற்றமில்லை.

இன்னொரு யோசனை: முதல் வரியில் சிடி இசட்:\கணக்கு (ஃபோல்டர் மாற்றும் கட்டளை) என்று போட்டுவிட்டு, ரோபோகாப்பியில் மூலம் இருக்கும் இடத்தில் வெறும் புள்ளி (இப்போது நிற்கும் ஃபோல்டர்) வைத்தால் வேலை செய்யுமா? இன்னும் ஓட்டவில்லை.

மின்கம்பி:

அந்தக் கடைசி யோசனையை தயவுசெஞ்சு ஓட்டாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம்.

பேட்ச் ஃபைலை அட்மினா திறந்தா அது ஆரம்பிக்கிற இடம் சி:\விண்டோஸ்\சிஸ்டம்32. நீங்க ஃபைல் வச்சிருக்கிற ஃபோல்டர் இல்ல. அந்தச் சாளரத்துக்கு இசட் தெரியாதுன்னா சிடி வரி பிழை காட்டும், ஆனா பேட்ச் அங்க நிக்காது. அடுத்த வரிக்குப் போயிடும். அப்போ புள்ளின்னா சிஸ்டம்32. /மிர் என்ன பண்ணும்? மூலத்துல இல்லாததையெல்லாம் இலக்குல அழிச்சிட்டு, மூலத்துல இருக்கிறதை அங்க கொட்டும். உங்க காப்புல இருக்கிற கணக்கு மொத்தமும் போய், அந்த இடத்துல சிஸ்டம்32 வந்து உக்காந்திருக்கும்.

இசட் தெரிஞ்சாலும் கூட சிடி மட்டும் போட்டா டிரைவ் மாறாது, சிடி /டி போடணும். அதனால சாதாரணமா ஓட்டினாலும் புள்ளி வேற எங்கயோதான் காட்டும். /மிர் இருக்கிற கட்டளையில ரெண்டு பக்கமும் முழுப் பாதை எழுதுங்க, எப்பவும். முதல்முறை ஓட்டும்போது /எல் சேர்த்துக்குங்க. என்ன செய்யப்போகுதுன்னு பட்டியல் மட்டும் காட்டும், எதையும் தொடாது.

சுழியம்ஒன்று:

இசட் ஏன் மறைகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் பிடிபட்டால் பாதித் தீர்வு கையில்.

விண்டோஸ் விஸ்டாவில் யூஏசி வந்ததிலிருந்து, அட்மின் குழுவைச் சேர்ந்தவர் உள்ளே நுழையும்போது கணினி அவருக்கு இரண்டு டோக்கன் (உரிமைச் சீட்டு) கொடுக்கிறது. ஒன்று உரிமைகளை உருவிய டோக்கன். எக்ஸ்ப்ளோரரும் நீங்கள் கிளிக் செய்து திறப்பவையும் இதில்தான் ஓடுகின்றன. இன்னொன்று முழு டோக்கன். "ஆம்" என்று அனுமதி கொடுத்த பிறகு ஓடும் நிரல்களுக்கு. ஆள் ஒருவர்தான், ஆனால் இரண்டும் தனித்தனி லாக்ஆன் அமர்வுகள். டிரைவ் எழுத்து என்பது "இசட் என்றால் இந்த நெட்வொர்க் பாதை" என்று காட்டும் ஒரு குறிப்பு மட்டுமே. அந்தக் குறிப்பு எந்த அமர்வில் எழுதப்பட்டதோ அந்த அமர்வுக்குத்தான் தெரியும். நீங்கள் இசட் மேப் செய்தது எக்ஸ்ப்ளோரரின் அமர்வில். அட்மின் சாளரம் பக்கத்து அமர்வு.

நெட் யூஸில் "அன்அவைலபிள்" வருவதும் இதனால்தான். மறுமுறை நுழையும்போதும் மேப் செய்யச் சொல்லியிருப்பீர்கள். அந்த விருப்பம் உங்கள் பயனர் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகியிருக்கிறது, அதை இரண்டு அமர்வும் படிக்கும். ஆக, பெயர் தெரிகிறது, இணைப்பு இல்லை.

இரண்டு சாளரங்களிலும் ஹூஆமி /குரூப்ஸ் தட்டிப் பாருங்கள். சாதாரணச் சாளரத்தில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்கு எதிரே "மறுப்புக்கு மட்டும்" என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கும். கடைசியில் மீடியம் மேண்டேட்டரி லெவல், எண் எஸ்-1-16-8192. அட்மின் சாளரத்தில் அது ஹை, எண் எஸ்-1-16-12288. ஹூஆமி /ப்ரிவ் தட்டினால் சாதாரணச் சாளரத்தில் ஐந்தே உரிமைகள்தான் தெரியும். ஆடிட்டிங் உரிமை அந்த ஐந்தில் இல்லை.

நழுவுபட்டையை இறக்கிப் பயனில்லை. விண்டோஸ் 8-இலிருந்து அது அனுமதி கேட்கும் பெட்டியை மட்டும்தான் நிறுத்துகிறது. டோக்கன் இரண்டாகப் பிரிவது அப்படியே தொடரும். மேலே ஏற்றி விடுங்கள். விண்டோஸ் 11 24ஹெச்2-இல் வந்திருக்கும் சூடோ கட்டளையும் இதே முழு டோக்கனைத்தான் வாங்கித் தருகிறது, அதிலும் இசட் தெரியாது.

இனி தீர்வுகள், எனக்குப் பிடித்த வரிசையில்.

முதலாவது, டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு யூஎன்சி பாதையையே (நெட்வொர்க்கின் முழு முகவரி) எழுதுவது: \\192.168.1.20\பொது\கணக்கு. எழுத்து இல்லாததால் எந்த அமர்விலும் அதே பாதைதான். ஆனால் ஒரு சிக்கல் பாக்கி இருக்கும்: நாஸுக்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும். அந்த இணைப்பும் அமர்வுக்கு அமர்வு தனி. இசட் மேப் செய்தபோது தட்டிய கடவுச்சொல்லை நினைவில் வைக்கச் சொல்லவில்லை என்றால், அட்மின் சாளரத்தில் பிழை 5 அல்லது 1326 வரும். அதற்கு:

சிஎம்டிகீ /ஆட்:192.168.1.20 /யூசர்:நாஸ்பயனர் /பாஸ்

/பாஸுக்குப் பிறகு எதுவும் எழுதாமல் விட்டால் கடவுச்சொல்லை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளும், பேட்ச் ஃபைலில் பச்சையாக எழுதி வைக்க வேண்டியதில்லை. இது பயனர் கணக்கோடு சேமிக்கப்படுவதால் இரண்டு அமர்வுக்கும் பொது. இங்கே ஐபி எண் கொடுத்தால் பாதையிலும் அதே எண், பெயர் கொடுத்தால் பாதையிலும் அதே பெயர், மாறினால் பொருந்தாது. பிழை 1219 வந்தால், அதே அமர்வில் அதே நாஸுக்கு வேறு பயனர்பெயரில் ஓர் இணைப்பு ஏற்கெனவே திறந்திருக்கிறது என்று அர்த்தம். நெட் யூஸ் போட்டுப் பார்த்து, பழையதை /டெலீட் செய்யுங்கள். (வேண்டியதை மட்டும். நட்சத்திரக் குறி போட்டால் எல்லா மேப்பும் போய்விடும்.)

யூஎன்சி பாதைக்குள் சிடி செய்ய முடியாது, கமாண்ட் ப்ராம்ப்ட் ஒத்துக்கொள்ளாது. உள்ளே போயே ஆகவேண்டும் என்றால் புஷ்டி \\192.168.1.20\பொது. அது இசட்டிலிருந்து கீழ்நோக்கி காலியாக உள்ள ஓர் எழுத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும். பாப்டி போட்டால் விட்டுவிடும்.

இரண்டாவது, அட்மின் சாளரத்துக்குள்ளேயே மறுபடி மேப் செய்வது: நெட் யூஸ் இசட்: \\192.168.1.20\பொது. ஒருமுறை மட்டும் செய்யும் வேலைக்கு இது போதும். சப்ஸ்ட் (ஒரு ஃபோல்டருக்கு டிரைவ் எழுத்து தரும் கட்டளை) போட்டு உருவாக்கிய எழுத்துகளுக்கும் இதே விதிதான், அட்மின் சாளரத்தில் மறுபடி சப்ஸ்ட் போட வேண்டும்.

மூன்றாவது, வலையில் எங்கே தேடினாலும் முதலில் கிடைக்கும் ரெஜிஸ்ட்ரி வழி. லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், பாலிசிஸ், சிஸ்டம் வரை இறங்கி, எனேபிள்லிங்க்டுகனெக்ஷன்ஸ் என்று ஒரே சொல்லாக 32 பிட் டிவேர்டு உருவாக்கி மதிப்பு 1. பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். வெளியேறி நுழைந்தால் போதாது. வேலை செய்யும். ஆனால் இரண்டு அமர்வுக்கும் நடுவே இருக்கும் சுவரில் ஒரு ஜன்னல் திறக்கிறீர்கள்: சாதாரண உரிமையில் ஓடும் ஏதோ ஒரு நிரல் மேப் செய்த எழுத்து, அட்மின் நிரலின் கண்ணிலும் படும். தங்கள் ஆதரவு இதற்குக் கிடையாது, உங்கள் பொறுப்பில் செய்துகொள்ளுங்கள் என்றுதான் மைக்ரோசாஃப்டும் எழுதி வைத்திருக்கிறது. ஒரே ஒரு பேட்ச் ஃபைலுக்காக நான் இதைச் செய்யமாட்டேன்.

தாழ்வாரம்:

சுழியம்ஒன்று சொன்னது எல்லாம் சரி. ஆனால் கேள்வியே தப்பான இடத்தில் நிற்கிறது. இந்த வேலைக்கு அட்மின் எதற்கு?

ஒரே காரணம் /காப்பிஆல். அது ஆறு விஷயங்களைப் பிரதி எடுக்கச் சொல்கிறது: தரவு, ஆட்ரிபியூட், நேரம், அனுமதிகள், உரிமையாளர், ஆடிட்டிங் தகவல் (யார் திறந்தார் என்று பதிவு வைக்கச் சொல்லும் அமைப்பு). ஆறாவதைத் தொடுவதற்குத்தான் அந்த "மேனேஜ் ஆடிட்டிங்" உரிமை. மூலம் ஒரு நாஸ் பெட்டி, டொமைனும் இல்லை. அங்கே ஆடிட்டிங் என்று எடுக்க என்ன இருக்கிறது? அனுமதிகளையும் உரிமையாளரையும் எடுப்பது அதைவிட மோசம். அவை நாஸின் பயனர்களைக் குறிக்கும் எண்கள். உங்கள் கணினிக்கு அந்த எண்கள் யாரென்று தெரியாது. டி டிரைவில் வந்து விழும் ஃபைல்களின் அனுமதிப் பட்டியலில் பெயருக்குப் பதில் எஸ்-1-5-21 என்று ஆரம்பிக்கும் நீள எண்கள்தான் தெரியும். நாளைக்கு மீட்டெடுக்கும்போது உங்கள் ஃபைலை உங்களாலேயே திறக்க முடியாமல் போகலாம்.

/காப்பிஆல் எடுத்துவிட்டால் ரோபோகாப்பியின் இயல்பு /காப்பி:டேட். தரவு, ஆட்ரிபியூட், நேரம் மூன்றும் வரும். காப்புக்கு இது போதும், சாதாரணச் சாளரத்திலேயே ஓடும், இசட்டும் தெரியும்.

ரோபோகாப்பி /ஆர், /டபிள்யூ இரண்டையும் குறிப்பிடாமல் விட்டால் ஒரு ஃபைலுக்குப் பத்து லட்சம் முறை, முறைக்கு 30 விநாடி இடைவெளியில் முயலும். பூட்டிய ஃபைல் ஒன்று மாட்டினால் விடியும்வரை அதிலேயே நிற்கும். /ஆர்:2 /டபிள்யூ:5 போடுங்கள். நாஸிலிருந்து எடுக்கும்போது மாறாத ஃபைல்களையும் தினமும் மறுபடி எடுக்கிறது என்றால் /எஃப்எஃப்டி சேருங்கள். நேரத்தை 2 விநாடித் துல்லியத்தில் ஒப்பிடும்.

யாராவது திறந்து வைத்திருக்கும் ஃபைலுக்குப் பிழை 32 வரும். அதற்கு அட்மினாக /பி போட்டுப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். /பி அனுமதிப் பட்டியலைத்தான் தாண்டும், பூட்டைத் தாண்டாது. கணக்கு மென்பொருளை எல்லோரும் மூடிய பிறகு ஓடும்படி நேரம் வையுங்கள்.

கணக்கர்_07:

இருவருக்கும் மிக்க நன்றி. /காப்பிஆல் எடுத்ததும் சாதாரணச் சாளரத்தில் ஓடுகிறது. புள்ளி யோசனையை அழித்துவிட்டேன், மின்கம்பிக்குத் தனி நன்றி.

இன்னும் இரண்டு பாக்கி. டி:\காப்பு\கணக்கு உள்ளே பழைய ஃபைல்கள் சிலவற்றுக்குப் பிழை 5, அனுமதி மறுப்பு. ஒருமுறை அட்மின் சாளரத்தில் நெட் யூஸ் போட்டு /காப்பிஆல் ஓட்டியது நினைவிருக்கிறது, அதன் மிச்சமாக இருக்குமோ? இரண்டாவது, டாஸ்க் ஷெட்யூலரில் ராத்திரி 10 மணிக்குப் போட வேண்டும். "ஹையஸ்ட் ப்ரிவிலேஜஸ்" டிக் செய்ய வேண்டுமா?

தாழ்வாரம்:

மிச்சமேதான். இதற்கு மட்டும் அட்மின் சாளரம் வேண்டும், ஒரே ஒருமுறை. டி உள்ளூர் டிரைவ் என்பதால் அங்கே மறைகிற பிரச்சினை இல்லை.

டேக்ஓன் /எஃப் டி:\காப்பு\கணக்கு /ஆர் /டி ஒய்
ஐகேக்ல்ஸ் டி:\காப்பு\கணக்கு /ரீசெட் /டி /சி

முதல் வரியில் /டி ஒய் என்பது "டீஃபால்ட்டாக எஸ்". இரண்டாவது வரியில் /டி என்பது "ட்ரீ", அதாவது உட்கிளைகள் எல்லாம். ஒலி ஒன்று, எழுத்து வேறு, தட்டும்போது கவனம். முதல் வரி உரிமையாளரை உங்கள் பெயருக்கு மாற்றுகிறது. இரண்டாவது, ஒட்டியிருக்கும் அனுமதிகளை உரித்துவிட்டு மேல் ஃபோல்டரிலிருந்து வருவதை மட்டும் வைக்கிறது. பாதையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபாருங்கள், சி டிரைவின் வேரில் இதைப் போட்டால் விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டிவரும்.

சுழியம்ஒன்று:

டாஸ்க் ஷெட்யூலர்: டிக் வேண்டாம். டிக் செய்தால் மறுபடி முழு டோக்கன், கேள்வியின் முதல் வரிக்கே திரும்புவீர்கள்.

ராத்திரி 10 மணிக்குக் கணினி பூட்டிய நிலையில், ஆனால் நீங்கள் லாக்ஆன் ஆன நிலையிலேயே இருக்கும் என்றால், "பயனர் லாக்ஆன் ஆகியிருக்கும்போது மட்டும்" என்ற தேர்வு போதும். வெளியேறிவிட்டுப் போவீர்கள் என்றால் "லாக்ஆன் ஆனாலும் ஆகாவிட்டாலும்" வேண்டும். அதில் ஓடுவது மூன்றாவதாக ஒரு தனி அமர்வு. அங்கே எந்த மேப்பும் கிடையாது, யூஎன்சி பாதை கட்டாயம். அதன் கீழே "கடவுச்சொல்லைச் சேமிக்காதே" என்று ஒரு டிக் உண்டு; அதைத் தொடாதீர்கள், செய்தால் அந்த டாஸ்குக்கு உள்ளூர் வளங்கள் மட்டும்தான், நெட்வொர்க் கிடையாது. சிஸ்டம் கணக்கில் ஓட்டச் சொல்பவர்கள் பேச்சையும் கேட்காதீர்கள். சிஸ்டம் கணக்கு நெட்வொர்க்கில் உங்கள் பெயரில் போகாது, நாஸுக்கு அது யாரோ.

"ஸ்டார்ட் இன்" பெட்டியில் ஃபோல்டர் பாதையை மேற்கோள் குறி இல்லாமல் எழுதுங்கள். பெயரில் இடைவெளி இருந்தாலும் அப்படித்தான். குறி போட்டால் டாஸ்க் 2147942667 என்ற பிழையோடு தொடங்காமலே நிற்கும்.

நாலாம்_தளம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் அலுவலகத்தில் பயனர்கள் யாரும் அட்மின் குழுவில் இல்லை. அட்மின் வேண்டும்போது வேறொரு கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் தட்ட வேண்டும். அந்த ரெஜிஸ்ட்ரி மதிப்பு 1 வைத்தும் டிரைவ் தெரியவில்லையே?

சுழியம்ஒன்று:

தெரியாது. அந்த மதிப்பு சேர்த்துக் கட்டுவது ஒரே ஆளின் இரண்டு அமர்வுகளை. உங்களுடையதில் வருவது வேறு ஆள், புதிய அமர்வு. டிரைவ் மட்டுமல்ல, பயனர் ஃபோல்டர், பயனர் ரெஜிஸ்ட்ரி, பயனருக்கென வைத்த பாத், சிஎம்டிகீயில் சேமித்தது எல்லாமே அந்த அட்மின் கணக்கினுடையது. "என் கணக்கில் நிறுவிய நிரல் அட்மின் சாளரத்தில் இல்லை என்கிறது" என்று வரும் கேள்விகளில் பல இந்த வகை. யூஎன்சி பாதையும், அந்த அட்மின் கணக்கில் நுழைந்து தனியாகப் போட்ட சிஎம்டிகீயும்தான் வழி.

  

மின்கம்பி:

கணக்கர், ஃபைலை மொத்தமா இப்படி வச்சுக்கலாம்:

@எக்கோ ஆஃப்
சிஎச்சிபி 65001 >நல்
செட் "மூலம்=\\192.168.1.20\பொது\கணக்கு"
இஃப் நாட் எக்ஸிஸ்ட் "%மூலம்%\அடையாளம்.டிஎக்ஸ்டி" எக்ஸிட் /பி 16
ரோபோகாப்பி "%மூலம்%" "டி:\காப்பு\கணக்கு" /மிர் /எஃப்எஃப்டி /ஆர்:2 /டபிள்யூ:5 /என்பி /யூனிலாக்:"டி:\காப்பு\பதிவு.டிஎக்ஸ்டி"
இஃப் எரர்லெவல் 8 எக்ஸிட் /பி 8
எக்ஸிட் /பி 0

மூலத்துல அடையாளம்.டிஎக்ஸ்டின்னு ஒரு வெத்து ஃபைல் போட்டு வைங்க. அது கண்ணுக்குத் தெரியலன்னா /மிர் பக்கமே போகக்கூடாது, அதுக்குத்தான் நாலாவது வரி. ஃபோல்டர் பெயர் தமிழ்ல இருக்கிறதால 65001 வரி (யூடிஎஃப்-8 எழுத்துமுறைக்கு மாத்துறது) அவசியம். பேட்ச் ஃபைலை யூடிஎஃப்-8-ல, பிஓஎம் (ஃபைல் தொடக்கத்துல வர்ற மறைவான குறி) இல்லாம சேமிங்க. பிஓஎம் இருந்தா முதல் வரியிலேயே தெரியாத கட்டளைன்னு கத்தும். புது நோட்பேட்ல இயல்பாவே பிஓஎம் இல்லாமதான் சேமிக்கும். /லாக் போட்டா தமிழ்ப் பெயர் கேள்விக்குறியா விழும், அதனால /யூனிலாக்.

மேற்கோள் குறிக்குள்ள பாதையோட கடைசியில பின்சாய்வு வைக்காதீங்க. "இசட்:\" னு எழுதினா அந்தச் சாய்வு மூடுற மேற்கோளை விழுங்கிடும், ரோபோகாப்பி அடுத்த பாதையையும் சேர்த்து ஒண்ணாப் படிச்சிட்டு இல்லாத பாதைன்னு சொல்லும். டிரைவோட வேரையே கொடுக்கணும்னா சாய்வுக்கு அப்புறம் ஒரு புள்ளி வச்சு மூடுங்க. இங்க புள்ளிக்கு முன்னாடி முழுப் பாதை இருக்கு, அதனால ஆபத்தில்ல.

கடைசி ரெண்டு வரி ஏன்னா, ரோபோகாப்பி நல்லா ஓடினாலும் எப்பவும் சுழியத்தோடதான் திரும்பும்னு இல்ல. 1 வந்தா ஃபைல் பிரதியாச்சு, 2 வந்தா இலக்குல கூடுதலா ஏதோ இருந்தது, 3 வந்தா ரெண்டும். 8-ல இருந்துதான் பிழை. 16 வந்தா எதுவுமே ஆகல. இதைக் கவனிக்காம விட்டா டாஸ்க் ஷெட்யூலர் "லாஸ்ட் ரன் ரிசல்ட்"ல 1 காட்டும், நல்லா ஓடினதையே பார்த்து மறுபடி அட்மின் டிக் போடத் தோணும்.

கணக்கர்_07:

ராத்திரி 10 மணிக்கு ஓடியது. ரிசல்ட் 0, பதிவு ஃபைலில் தமிழ்ப் பெயர்கள் சரியாக வந்திருக்கின்றன, "ஃபெயில்டு" நெடுவரிசையில் சுழியம். ஐகேக்ல்ஸுக்குப் பிறகு பிழை 5 இல்லை. ரெஜிஸ்ட்ரியைத் தொடவில்லை, நழுவுபட்டையையும் பழைய இடத்துக்கு ஏற்றிவிட்டேன்.